அந்தோணியம்மாள் அடைத்த ஓட்டைகள்

மரக்காணம் உப்பளத்தில் எந்த வரப்பாவது கசிகிறது, ஆனால் எங்கே கசிகிறது என்று தெரியவில்லை என்றால் அந்தோணியம்மாளைக் கூப்பிடுவார்கள். அவள் வெறுங்காலோடு வரப்பின் மேல் நடப்பாள். உள்ளங்காலுக்கு அடியில் மண் ஒரு பொடிக் குளிர்ச்சி கூடுதலாகத் தெரிந்தால் அங்கேயே நின்றுவிடுவாள். தோண்டிப் பார்த்தால் நண்டு வளை இருக்கும். களிமண்ணையும் வைக்கோலையும் பிசைந்து உள்ளே திணித்து, குதிகாலால் மிதித்து, ஒரு நிமிஷம் காது வைத்துக் கேட்பாள். எழுந்தாள் என்றால் அந்த வளை அந்த வருஷத்துக்குத் திறக்காது. பக்கத்து அளத்துக்காரர்களும் ஆள் அனுப்புவார்கள். 'அடைப்பு அந்தோணி' என்றுதான் உப்பளம் முழுக்க அவளுக்குப் பேர். கேலியாக வைத்த பேர்தான், அவள் அதைப் பட்டம் மாதிரி வைத்துக்கொண்டாள்.

பொதுவாகவே ஒழுகும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தெருக்குழாய் சொட்டினால் பாதித் தூக்கத்தில் எழுந்துபோய்த் துணி சுற்றிவிட்டு வருவாள். "கொடம் ஒழுவுனா இவளுக்குத் தூக்கம் வராது. புருசன் வீட்டுக்கு வரலன்னா நல்லா தூங்குவா" என்று அவள் புருஷன் ஜான்சன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். பாதி உண்மை. அவன் வரத் தாமதமானால் அவள் தூங்கமாட்டாள், தூங்குவதுபோல் படுத்திருப்பாள்.

ஜான்சனுக்கும் உப்பளத்தில்தான் வேலை. வாய்க்கால் மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவன் பொறுப்பு. கலியாணமாகி இருபது வருஷத்தில் இருவரும் தண்ணீரை விட்டு ஒருநாள் விலகியதில்லை, ஆனாலும் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. உப்புப் பாத்தியில் தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஏறினால்தானே நீந்த வேண்டிவரும்? கடலைத் தினமும் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்தக் கடல்தான் 2004 டிசம்பரில் எழுந்து உப்பளத்துக்குள் வந்தது. போகும்போது பாத்திகளில் முழங்கால் அளவு சேற்றை விட்டுப்போனது. குப்பத்து மீனவர்களுக்குப் படகு போயிற்று, உயிர் போயிற்று. அவர்களுக்குப் புதுப் படகுகள் வந்தன, வரவேண்டியதுதான். உப்பளத்துக் கூலிக்காரனிடம் பறிபோவதற்குப் படகு இல்லை. அதனால் அவனுக்கு ஒன்றும் போகவில்லை என்று கணக்கெடுக்க வந்தவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். ஒரு பருவம் முழுக்க உப்பு விளையவில்லை. அந்தோணியம்மாள் கிளியனூர்ப் பக்கம் களை எடுக்கப் போனாள். ஜான்சனுக்கு அந்த வேலையும் கிடைக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, பேசுகிற ஆள் பேசாத ஆளாகிவிட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறக்கும் நேரத்தில் ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. உப்பளக் குடும்பங்கள் கழுவெளி உப்பங்கழியில் மீன் பிடித்துப் பிழைக்கட்டும் என்று ஒரு புது மாதிரிப் படகைக் காட்டினார்கள். ஒரே ஆள் உட்காரக்கூடிய பிளாஸ்டிக் படகு. 'கயாக்' என்றார்கள். உப்பளக்காரர்கள் குடியிருக்கும் காலனியிலிருந்து ஒருவர் அதை முதலில் ஓட்டிக் காட்ட வேண்டும். கழியைத் தாண்டி முகத்துவாரம் பக்கம்வரை போய், வலை போட்டுவிட்டுத் திரும்பினால் காலனிக்கு அஞ்சு படகு. ஓட்டத் தெரியவில்லை என்றால் படகு வேறு ஊருக்குப் போய்விடும். யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டபோது ஜான்சன் கையைத் தூக்கினான். பத்து மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் ரத்தம் ஓடியதை அந்தோணியம்மாள் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

படகு மஞ்சள் நிறம். உட்காரும் இடம் மேலேயே குழிவாக இருந்தது. அந்தக் குழியில் ஆறு ஓட்டைகள். மேலிருந்து பார்த்தால் அடியில் இருக்கிற தரை தெரியும், கட்டைவிரல் உள்ளே போகும். 'சோப்பு டப்பா' என்று காலனிப் பிள்ளைகள் பேர் வைத்துவிட்டார்கள்.

நிறுவனத்திலிருந்து வந்த மணிவண்ணன் சனிக்கிழமை கோயில் வராண்டாவில் வகுப்பு எடுத்தான். நல்ல பையன், புதுச்சேரிக்காரன், நிதானமாகப் பேசுவான். ஆனால் வகுப்புக்கு ஆம்பளைகளை மட்டும் கூப்பிட்டிருந்தான். வகுப்பு முடிந்து கழியின் ஓரத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் ஜான்சனை உட்காரவைத்துப் பார்த்தார்கள். கரையில் நின்ற அந்தோணியம்மாளின் கண் நேராக அந்த ஓட்டைகளுக்குத்தான் போயிற்று. அவன் உட்கார்ந்ததும் அதன் வழியாகத் தண்ணீர் மேலே வந்து அவன் குதிகாலை நனைத்தது.

"படகு ஒழுவுதுய்யா" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"அது அப்படித்தானாம். ஆளு வெயிட்டா இருந்தா கொஞ்சம் ஏறுமாம். சார் சொன்னாரு."

"ஏறினா?"

"அதுக்கப்புறம் என்னவோ சொன்னாரு. நான் துடுப்பப் பாத்துக்கினு இருந்தேன். ரெண்டு பக்கமும் எலை மாதிரி வச்சிருக்குது, பாத்தியா நீ?"

அவள் துடுப்பைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, வலைக்கு ஈயக்குண்டு வாங்க ஜான்சன் போயிருந்தான். படகு வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டிருந்தது. அந்தோணியம்மாள் காய்ந்த சவுக்குக் குச்சியை ஆறு துண்டு நறுக்கினாள். ஒரு முனையைக் கூராகச் செதுக்கினாள். தன் பழைய நீலப் புடவையைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் இறுக்கிச் சுற்றினாள். அடிப்பக்கமிருந்து ஓட்டையில் செருகி, அம்மிக் குழவியால் நிதானமாக அடித்து இறக்கினாள். வெளியே துருத்தியதை அரிவாளால் சீவிவிட்டாள். குச்சி ஓட்டையின் பாதிவரைதான் ஏறியது, மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியாது. காய்ந்த சவுக்கு தண்ணீரில் ஊறினால் இன்னும் உப்பி இறுகும், கோடாலி போட்டாலும் வராது என்று அவளுக்குத் தெரியும். செய்ததைத் தடவிப் பார்த்தாள். அவ்வளவு நல்ல அடைப்பை அவளே அதற்குமுன் செய்ததில்லை.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால், சார் திட்டுவாரு, எடுத்துடு என்பான். அன்றைக்குப் படுத்ததும் தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கழியின் கரையில் நல்ல கூட்டம். வாடைக்காற்று கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருந்தது. எக்கியார்குப்பத்திலிருந்தும் நாலைந்து மீனவர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பக்கிரி, கையில் ஒரு நீளமான கழியை ஊன்றி நின்றார். பிறந்ததிலிருந்து கட்டுமரம் ஏறியவர், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஜான்சன் செம்மஞ்சள் நிற மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"ஏம்பா ஜான்சன், மீன் புடிக்கப் போறியா, ரோடு போடப் போறியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜான்சனும் சிரித்துவிட்டுச் சட்டையைக் கழற்றிப் படகின் பின்னால் கட்டினான். "போட்டுக்கினு போய்யா" என்று அந்தோணியம்மாள் சொன்னது அவன் காதில் விழுந்தது. விழாததுபோல் இருந்துகொண்டான். இத்தனை பேர் முன்னால் ஒரு ஆம்பளை என்ன செய்வானோ அதைச் செய்தான், மடையன்.

மணிவண்ணன் தாமதமாக வந்தான், கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. வந்த அவசரத்தில் கேமராவைத்தான் முதலில் எடுத்தான். படகைக் குனிந்து பார்க்கவில்லை. ஜான்சன் வலையையும், அதை ஊன்றுவதற்குக் கூர் சீவிய இரண்டு சவுக்குக் கழிகளையும் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தான். காலடியைப் பார்த்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறவில்லை.

"சார், இன்னிக்கி தண்ணியே ஏறல. காலைல சாப்பிடல, அதான் வெயிட் கொறஞ்சிடுச்சி போல."

"சூப்பர்ண்ணே, கெளம்புங்க" என்று மணிவண்ணன் போட்டோ எடுத்தான். அந்தோணியம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

கழியின் நடுவரை அவன் நன்றாகவே போனான். துடுப்பு வலமும் இடமுமாக மாறி மாறி இறங்கியது. காலனிக்காரர்கள் கைதட்டினார்கள். "பரவால்லியே" என்று பக்கிரியே சொன்னார். அந்தோணியம்மாள் நெஞ்சை நிமிர்த்தி நின்றாள். மேலே அவன் ஓட்டுகிறான், கீழே நான் காவல் இருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது.

அது கழித் தண்ணீர் கடலுக்கு வடிகிற நேரம். முகத்துவாரத்தை நெருங்க நெருங்க இழுப்பு அதிகம். வெளியேறும் தண்ணீரும் உள்ளே வரும் அலையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. ஜான்சன் அதற்கு முன்பே திரும்பியிருக்க வேண்டும். வலை ஊன்ற இடம் தேடிக் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டான். முதல் அலை பக்கவாட்டில் ஏறிப் படகின் குழியில் விழுந்தது. இரண்டாவது அவன் மடியில் விழுந்தது.

"பரவால்ல, பரவால்ல, எறங்கிடும்" என்றான் மணிவண்ணன்.

இறங்கவில்லை. அடுத்த அலையும் ஏறியது. அடியில் ஒழுகாது, மேலே வந்ததைக் கையால் இறைத்துவிடுவான் என்று அந்தோணியம்மாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஜான்சன் இறைக்கத்தான் செய்தான். துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாரி வாரி ஊற்றினான். அவன் ஒரு கை வாரினால் அலை ஒரு குடம் ஊற்றியது. குழிக்குள் சேர்ந்த தண்ணீர் இந்தப் பக்கம் ஓடினால் படகு இந்தப் பக்கம் சாய்ந்தது, அந்தப் பக்கம் ஓடினால் அந்தப் பக்கம். துடுப்புப் போடாத படகை வடிநீர் முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. கரையில் கைதட்டல் நின்றுவிட்டது.

மணிவண்ணன் கேமராவை இறக்கினான். "மரம் கொண்டாங்கடா" என்று பக்கிரி கத்த, குப்பத்து ஆள் ஒருவன் ஓடினான். கட்டுமரம் கடல் பக்கம் கிடக்கிறது. தள்ளிக் கொண்டுவருவதற்குள் எல்லாம் முடிந்துபோகலாம். பக்கிரி நெற்றியில் கை வைத்து உற்றுப் பார்த்தார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை.

"ஏன் எறங்கல? எங்க கட்டுமரத்துல கட்டைக்குக் கட்டை சந்து இருக்குது. ஏறுன தண்ணி அதுவழியா எறங்கிடும், அதனாலதான் மரம் நிக்குது. இதுலயும் அதுக்குத்தான் ஓட்டை வச்சிருக்கான். முந்தாநேத்து நானே பாத்தேன். எவனாவது அடைச்சி கிடைச்சித் தொலைச்சிட்டானா?"

அந்தோணியம்மாளுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சிவரை உடம்பு ஒருமுறை சில்லிட்டு நின்றது. தண்ணீர் வருவதற்கு இல்லை, போவதற்குத்தான் அந்த ஆறு ஓட்டையும். தன் கையால், தன் புடவையைச் சுற்றி, தன் புருஷனைத் தண்ணீருக்குள் வைத்து அடைத்திருக்கிறாள். ஊறிய சவுக்கு இந்நேரம் நன்றாக இறுகியிருக்கும்.

"யோவ், குத்துய்யா! ஓட்டையில குத்து!" என்று கத்தினாள். வாடைக்காற்று அதை அவள் வாயிலேயே திருப்பி அடைத்தது. ஜான்சன் குனிந்து இறைத்துக்கொண்டிருந்தான்.

"சார், விசில் ஊதுங்க. ஊதிக்கினே இருங்க" என்று சொல்லிவிட்டு, பக்கிரியின் கையிலிருந்த நீளமான கழியைப் பிடுங்கிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினாள்.

உப்பளத்தில் யாரும் கத்தமாட்டார்கள். அந்த வெட்டவெளியில், காற்றில், கத்தி ஒன்றும் ஆகாது. வரப்பில் நிற்பவள் உப்பு வாரும் பலகையின் காம்பைத் தலைக்குமேல் குறுக்கே பிடித்தால் மடையை அடை என்று அர்த்தம். காம்பை நேராகத் தூக்கி மூன்று முறை கீழே குத்தினால் மடையை உடை. இருபது வருஷமாக இந்தப் பக்கம் அவள் காட்டுவாள், அந்தப் பக்கம் தொலைவில் புள்ளியாக நிற்கும் ஜான்சன் செய்வான். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

விசில் சத்தம் எட்டியிருக்க வேண்டும். ஜான்சன் நிமிர்ந்தான். அவள் கழியை நேராகத் தூக்கிக் குத்தினாள். மறுபடி தூக்கிக் குத்தினாள். அவன் வெறித்துப் பார்த்தான். கையை விரித்து, என்ன என்பதுபோல் ஆட்டினான். நியாயம்தான். முழுகப் போகிற படகில் இருப்பவனிடம் அடியை உடை என்று பெண்டாட்டி சொன்னால் எவன் செய்வான்? அவள் நிறுத்தவில்லை. உடை, உடை, உடை. முழங்கை வலித்தது, கண் மறைத்தது. கர்த்தரே, அவனுக்குப் புரிய வேண்டாம், நான் சொன்னதை மட்டும் செய்தால் போதும் என்று வேண்டிக்கொண்டாள்.

ஜான்சன் சவுக்குக் கழி ஒன்றை எடுத்தான். படகுக்குள் மண்டியிட்டான். படகு பயங்கரமாக ஆடியது, கரையில் யாரோ அலறினார்கள். காலடி ஓட்டையில் கழியை வைத்து இரண்டு கையாலும் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு ஓட்டையில் குத்தினான். அலை அவன் முதுகில் அடித்துப் படகைச் சாய்த்தது, ஒரு பக்க விளிம்பு தண்ணீருக்குள் போய்விட்டது. அவன் விழவில்லை. மூன்றாவது முறை குத்தினான். கழி சட்டென்று உள்ளே இறங்கியதைக் கரையிலிருந்தே பார்க்க முடிந்தது.

அடுத்து இரண்டு முளைகள் கழன்றன. படகு மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்தது. சாய்வது குறைந்தது. ஜான்சன் கொஞ்ச நேரம் தன் காலடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு துடுப்பை எடுத்தான்.

முகத்துவாரத்து இழுப்பிலிருந்து விலகி வருவதற்கு அவன் பட்ட பாடு சொல்லி முடியாது. ஓரத்துக்கு வந்ததும் பக்கிரி கழுத்தளவுத் தண்ணீரில் நடந்துபோய்ப் படகின் மூக்கைப் பிடித்து இழுத்து வந்தார். ஜான்சன் இறங்கினான். மணலில் விழுந்து, எழுந்து, படகைப் பார்த்தான். மிச்சமிருந்த மூன்று ஓட்டைகளுக்குள் விரலை விட்டான், அடைப்பு தட்டியது. திரும்பினான். தன்னை இழுத்து வந்த பக்கிரியின் தோள் துண்டைப் பிடித்துவிட்டான்.

"நீங்கதான அடைச்சீங்க? எங்களுக்குப் படகு வர்றது குப்பத்துக்குப் பொறுக்கல. சிரிச்சப்பவே நெனைச்சேன்."

"ஏய், கைய எடு. நான் ஏன்டா அடைக்கப் போறேன்?" என்றார் பக்கிரி. குப்பத்து ஆட்கள் முன்னால் வந்தார்கள். காலனி ஆட்களும் வந்தார்கள். "எல்லாருக்கும் சொன்னேனேண்ணே, அடைக்கக் கூடாதுன்னு" என்று மணிவண்ணன் நடுவில் நின்று கெஞ்சினான். ஜான்சன் கேட்கவில்லை. "என் பொண்டாட்டி மட்டும் கரையிலருந்து கண்டுபுடிச்சிச் சொல்லலன்னா இந்நேரம் நான் பொணம்" என்றான். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அப்படி ஒரு மரியாதையோடு ஊர் அவளை அதுவரை பார்த்ததில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பழி குப்பத்தின் மேல் போய்விடும், பேர் அவளுக்கு நிற்கும். அவளுக்கும் அது தோன்றத்தான் செய்தது. ஆனால் பக்கிரியின் ஈர வேட்டியைப் பார்த்தாள்.

"அவர விடுய்யா. நான்தான் அடைச்சேன்."

ஜான்சனுக்குப் புரியவில்லை. அவள் படகைப் புரட்டிக் காட்டினாள். முளையைச் சுற்றி நீலத் துணி ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது. அந்தப் புடவை எங்கே வாங்கியது என்று அவனுக்குத் தெரியும். அவன் கை பக்கிரியின் துண்டிலிருந்து தானாக இறங்கியது.

"தண்ணி உள்ள வருதுன்னு நெனைச்சேன். என்கிட்ட யாரும் சொல்லல. வகுப்புக்கு என்னைக் கூப்புடல" என்றாள். மணிவண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தன் ஆட்களைத் தள்ளிக்கொண்டு ஒதுங்கினார். "நாளைக்கி இன்னொரு தடவ பாக்கலாம்ண்ணே. படகு இங்கயேதான் இருக்கும்" என்று மணிவண்ணன் சொன்னதைப் புருஷனும் பெண்டாட்டியும் காதில் வாங்கவில்லை.

ஜான்சன் மணலில் உட்கார்ந்தான். அவளைப் பார்த்துக் கேட்டான்.

"உடைன்னு காட்டுனியே. நான் உடைக்கலன்னா என்னா பண்ணியிருப்ப?"

"நானே வந்திருப்பேன்."

"ஒனக்கு நீச்சல் தெரியாதே."

"ஒனக்கு மட்டும் தெரியுமா?"

அவன் அவள் முகத்தைப் பார்த்தான், இடுப்புக்குக் கீழே நனைந்து ஒட்டிக்கொண்டிருந்த அவள் புடவையைப் பார்த்தான். எழுந்துபோய்ப் படகை நிமிர்த்திப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான்.

"இன்னும் மூணு இருக்குது. நீயே எடு."

அந்தோணியம்மாள் குந்தி உட்கார்ந்து, கழியை வைத்துக் கல்லால் தட்டினாள். ஒன்று வந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவது அசையவில்லை. அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் கழி ஓட்டையை விட்டு விலகியது, அவளால் அதை நேராகப் பிடிக்க முடியவில்லை. ஜான்சன் ஒரு கையால் படகைத் தாங்கிக்கொண்டே மறு கையால் கழியைப் பிடித்துக்கொண்டான். அவள் வாய்விட்டு அழுதுகொண்டே அடித்தாள்.